33.7 விழுக்காடு வாக்கு, 411 ஆசனங்கள்: பிரித்தானியத் தேர்தல் முறை நியாயமானதா?

கிழக்கு லண்டன் வாசகி (6 ஜூலை 2024)

அனைவருக்கும் வணக்கம். வியாழக்கிழமை நடந்த பொதுத்தேர்தலின் முடிவுகள் அநேகமாக முழுமையாக வந்துவிட்டன. பதினான்கு ஆண்டுக்காலப் பழமைவாதக் கட்சி ஆட்சி முடிவுக்கு வந்ததில் எனக்கு மிகுந்த நிம்மதி. நான் தொழிற்கட்சிக்கே வாக்களித்தேன். ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் பௌ தொகுதியில் உமா குமரன் வென்று, வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்துக்குச் செல்லும் முதல் ஈழத்தமிழராகியிருப்பது இப்பகுதித் தமிழர் வீடுகளில் எத்தகைய மகிழ்ச்சியைத் தந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் எண்களை எடுத்துப் பார்த்தபோது மனம் அமைதி கொள்ளவில்லை. இங்கே ஒவ்வொரு தொகுதியிலும் அதிக வாக்குப் பெற்ற ஒருவரே வெல்கிறார்; மற்றவர்களுக்கு விழுந்த வாக்குகள் ஆசனக் கணக்கில் சேர்வதில்லை. தொழிற்கட்சி பெற்றது ஏறத்தாழ 97 இலட்சம் வாக்குகள், அதாவது 33.7 விழுக்காடு. அதற்குக் கிடைத்த ஆசனங்களோ 650இல் 411. ஜெரமி கோர்பின் தலைமையில் 2019இல் படுதோல்வி அடைந்ததாகச் சொல்லப்பட்ட அதே கட்சி அன்று ஒரு கோடியே இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகளைப் பெற்று 202 ஆசனங்களோடு நின்றது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளை இழந்து, ஆசனங்களை இரு மடங்காக்கிக்கொண்ட வெற்றி இது. மறுபுறம் ரிஃபார்ம் யூகே கட்சி 41 இலட்சம் வாக்குகளுக்கு ஐந்து ஆசனங்களையே பெற்றது; அதைவிடக் குறைவாக 35 இலட்சம் வாக்குகள் பெற்ற லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 72 ஆசனங்கள்.

ரிஃபார்ம் தலைவர் நைஜல் ஃபராஜின் அரசியல் எனக்கு முற்றிலும் ஏற்பில்லாதது. ஆனாலும் நேற்று முதல் என் நண்பர்களிடமிருந்து வரும் "நல்ல வேளை, ஐந்தோடு நின்றார்கள்" என்னும் செய்திகளுக்கு என்னால் தலையசைக்க முடியவில்லை. 2015இல் ஃபராஜ் அப்போது தலைமை தாங்கிய யூகிப் கட்சி 38 இலட்சம் வாக்குகளுக்கு ஒரே ஓர் ஆசனம் பெற்றபோதும் இதே ஆறுதலைத்தான் சொல்லிக்கொண்டோம். பசுமைக் கட்சிக்கு அநீதி நடந்தால் நீதி கேட்பதும், ரிஃபார்ம் கட்சிக்கு அநீதி நடந்தால் நிம்மதி கொள்வதும் நேர்மையாகுமா என்பதே இங்கே நான் கேட்க விரும்பும் கேள்வி.

ரெடிங் கணக்காளர் (6 ஜூலை 2024)

நல்ல தொடக்கம், சகோதரி. ஓர் ஆசனத்துக்குச் சராசரியாக எத்தனை வாக்குகள் தேவைப்பட்டன என்று வகுத்துப் பார்த்தேன். தொழிற்கட்சிக்குச் சுமார் 23,600; லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 49,000; பழமைவாதக் கட்சிக்கு 56,000; பசுமைக் கட்சிக்கு நாலரை இலட்சத்துக்கும் மேல்; ரிஃபார்ம் கட்சிக்கு எட்டு இலட்சத்துக்கும் மேல். வேல்ஸின் பிளைட் கம்ரி இரண்டு இலட்சத்துக்கும் குறைவான வாக்குகளோடு நான்கு ஆசனங்களைப் பெற்றது. 18 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் பெற்ற பசுமைக் கட்சிக்கும் அதே நான்குதான்.

இந்த முறை சிறிய கட்சிகளைத் தண்டிக்கிறது என்று பொதுவாகச் சொல்வது சரியன்று. அது சிதறிக் கிடக்கும் வாக்கைத் தண்டித்து, ஓரிடத்தில் குவிந்த வாக்குக்குப் பரிசளிக்கிறது. லிபரல் டெமாக்ரட் கட்சி 2019இல் சுமார் 37 இலட்சம் வாக்குகள் பெற்று 11 ஆசனங்களை வென்றது. இம்முறை அதைவிடக் குறைந்த வாக்குகளுக்கு 72. தெற்கு இங்கிலாந்தில் வெல்லக்கூடிய தொகுதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து ஆட்களையும் துண்டுப் பிரசுரங்களையும் அங்கேயே கொட்டினார்கள். அங்கிருந்த தொழிற்கட்சி ஆதரவாளர்களும் பழமைவாதிகளைத் தோற்கடிப்பதற்காக அவர்களுக்கு வாக்களித்தார்கள். தொழிற்கட்சியும் தன் கோட்டைகளில் வாக்குகளை இழந்து, தேவையான இடங்களில் சேர்த்துக்கொண்டது.

1951இல் இரு பெரிய கட்சிகளுக்கும் சேர்த்து 96.8 விழுக்காடு வாக்குகள் விழுந்தன. அப்போதும் அதிக வாக்குப் பெற்ற தொழிற்கட்சி தோற்று, சர்ச்சில் பிரதமரானார் என்பது வேறு. இம்முறை அந்த இரு கட்சிகளின் கூட்டு விகிதம் 57.4. இரண்டு கட்சிகள் மோதிய காலத்தில் ஒருவாறு ஓடிய பொறிமுறை, ஐந்து கட்சிகள் மோதும் களத்தில் எந்த எண்ணை உள்ளே போட்டால் எந்த எண் வெளியே வரும் என்று கணிக்க முடியாததாகிவிட்டது. வாக்களிப்பு விகிதமும் 60ஐத் தொடவில்லை. அப்படியானால் வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவரின் ஆதரவோடு மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைந்த ஆசனங்கள் கிடைத்திருக்கின்றன.

ஹாரோ பெரியவர் (7 ஜூலை 2024)

பிள்ளைகள் இருவரும் எண்களை நன்றாகவே எடுத்துவைத்திருக்கிறீர்கள். நான் மறுபக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன், பொறுமையோடு வாசியுங்கள்.

முதலாவது, எல்லாக் கட்சிகளும் விதிமுறையை முன்கூட்டியே அறிந்துதான் போட்டியிட்டன. வாக்கு விகிதத்துக்கேற்ப ஆசனம் தரும் விகிதாசார முறையில் இத்தேர்தல் நடந்திருந்தால் மக்கள் வேறு விதமாக வாக்களித்திருப்பார்கள், ஆகவே ரிஃபார்ம் பெற்ற 14.3 விழுக்காட்டை 650ஆல் பெருக்கி, 93 ஆசனங்கள் பறிக்கப்பட்டன என்று சொல்வது கணக்குக்குச் சரி, அரசியலுக்குச் சரியன்று. இரண்டாவது, வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன் பிரதமர் ரிஷி சுனக் தோல்வியை ஒப்புக்கொண்டார். நண்பகல் கடந்தபோது புதிய பிரதமர் கியர் ஸ்டார்மர் டவுனிங் தெருவில் நின்று பேசினார். வேண்டாம் என்று மக்கள் தீர்மானித்த அரசு ஒரே பகலில் வெளியேறுகிறது. மாதக்கணக்கில் கூட்டணி பேரம் நடக்கும் நாடுகளோடு ஒப்பிட்டால் இது சிறிய நன்மையன்று. முன்னாள் பிரதமர் லிஸ் டிரஸ், ஜேக்கப் ரீஸ்-மோக், பென்னி மோர்டண்ட், கிராண்ட் ஷாப்ஸ் ஆகிய பழமைவாதக் கட்சிப் பிரமுகர்களை அவர்களுடைய சொந்தத் தொகுதி மக்களே வீட்டுக்கு அனுப்பினார்கள். விகிதாசார முறையில், கட்சிப் பட்டியலில் முதலிடத்தில் அமர்த்தப்பட்ட ஒருவரை வாக்காளர் எப்படி அனுப்புவது?

மூன்றாவதே எனக்கு முக்கியமானது. எங்களில் எத்தனையோ குடும்பங்கள் உள்துறை அமைச்சின் பதிலுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் தொகுதி எம்.பி. மக்களைச் சந்தித்துக் குறை கேட்கும் 'சர்ஜரி'க்குப் போய்க் கடிதம் வாங்கித்தான் கோப்பை அசைத்தார்கள். அந்த எம்.பி. எந்தக் கட்சி என்று நாங்கள் பார்க்கவில்லை; எங்களுக்கென்று ஒருவர் இருந்தார், அவ்வளவே. அந்த உறவை விலையாகக் கொடுத்து வாங்கும் விகிதாசாரம் எனக்கு வேண்டாம். மேலும், 2011 பொதுவாக்கெடுப்பில் தேர்தல் முறையை மாற்றலாமா என்று இந்நாட்டு மக்களிடம் கேட்டார்கள், 67.9 விழுக்காட்டினர் மாற்றம் வேண்டாம் என்றார்கள்.

ரெடிங் கணக்காளர் (7 ஜூலை 2024)

ஐயா, 2011இல் கேட்கப்பட்டது விகிதாசாரத்தைப் பற்றியன்று. ஒரே உறுப்பினர் தொகுதியில் வேட்பாளர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்தும் மாற்று வாக்கு முறையைப் பற்றி மட்டுமே கேட்டார்கள். அதைக் கூட்டணிப் பேரத்தில் பெற்றுவந்த லிபரல் டெமாக்ரட் தலைவர் நிக் கிளெக்கே அதற்கு முந்தைய ஆண்டு அம்முறையை அற்பமான சமரசம் என்று இகழ்ந்திருந்தார். வாக்களிக்க வந்தவர்கள் 42 விழுக்காட்டினரே. விகிதாசார முறை வேண்டுமா என்று ஐக்கிய இராச்சியம் முழுவதிலும் மக்களிடம் ஒருமுறைகூடக் கேட்கப்படவில்லை. 1997 தேர்தல் அறிக்கையில் தொழிற்கட்சி தேர்தல் முறை பற்றிப் பொதுவாக்கெடுப்பு நடத்துவதாக வாக்குறுதி அளித்தது. அதை ஆராய அமைந்த ஜென்கின்ஸ் ஆணைக்குழு 1998இல் அறிக்கையும் கொடுத்தது. 418 ஆசனங்களோடு அமர்ந்திருந்த பிளேயர் அரசு அதைக் கிடப்பில் போட்டது.

நார்ஃபோக் மருத்துவர் (8 ஜூலை 2024)

ஹாரோ ஐயா குறிப்பிட்ட லிஸ் டிரஸின் தொகுதியான தென்மேற்கு நார்ஃபோக்கில்தான் நான் வசிக்கிறேன். இந்தியக் குடியுரிமை உள்ளவனாயினும், காமன்வெல்த் நாட்டவர் என்ற வகையில் எனக்கு இங்கே வாக்குரிமை உண்டு. இதை அறியாமல் பட்டியலில் பெயர் சேர்க்காதவர்கள் நம்மில் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்பதால் இங்கே பதிவு செய்கிறேன்.

2019இல் 26,195 வாக்கு வித்தியாசத்தில் வென்றவர் இம்முறை 630 வாக்குகளில் தோற்றார். மருத்துவமனையில் மறுநாள் அதைப் பற்றிப் பேசாதவர்களே இல்லை; 2022இல் அவருடைய ஆட்சியின்போது வீட்டுக்கடன் வட்டி ஏறியதை யாரும் மறக்கவில்லை. அந்த மகிழ்ச்சியில் எனக்கும் பங்குண்டு. ஆனால் வென்ற லேபர் (தொழிற்கட்சி) வேட்பாளருக்குக் கிடைத்தவை 11,847 வாக்குகள், அதாவது 26.7 விழுக்காடு. டிரஸுக்கு 11,217, ரிஃபார்ம் வேட்பாளருக்குப் பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. எங்கள் தொகுதியில் வாக்களித்த நால்வரில் ஏறக்குறைய மூவர் வேறு யாரையோ விரும்பினர். "எங்களுக்கென்று ஒருவர்" என்று ஐயா சொல்லும் உறவு, நால்வரில் மூவர் தேர்ந்தெடுக்காத ஒருவரோடு அமையும்போது அதன் பலம் என்ன என்பதை அவர் சிந்திக்க வேண்டுகிறேன்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். இங்கே பழமைவாதக் கட்சியும் ரிஃபார்மும் ஒரே வகை வாக்குகளைப் பிரித்துக்கொண்டன. இரண்டாம் விருப்பத்தைக் கேட்டிருந்தால் டிரஸே மீண்டும் வந்திருக்கக்கூடும். அந்த முடிவை ஏற்க மனமில்லாதவர்கள் சீர்திருத்தம் பேசக் கூடாது. நான் ஏற்கத் தயாராக இருக்கிறேன்.

லெஸ்டர் ஆசிரியை (9 ஜூலை 2024)

நீங்கள் எல்லோரும் பேசுவது அறம். எனக்கு இருப்பது அச்சம். குடியேறியவர்களைக் குறைப்பதையே முதன்மை வாக்குறுதியாக வைத்த கட்சிக்கு 93 எம்.பி.க்கள் இருந்தால், நாடாளுமன்றக் குழுக்களிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் அவர்களுடைய குரல் எத்தனை மடங்காகும்? என் வகுப்பில் தாய்மொழி ஆங்கிலம் அல்லாத பிள்ளைகளே அதிகம். ஒரு முறை அநியாயமானதாகவே இருக்கட்டும். அது எங்களைக் காக்கிறது என்றால் அதை அவசரமாகக் கலைக்க வேண்டுமா? எங்கள் லெஸ்டர் கிழக்கில் முன்னாள் தொழிற்கட்சி எம்.பி.க்கள் இருவர் எதிராக நின்று வாக்குகளைப் பிரித்ததில், 1987 முதல் தொழிற்கட்சியிடம் இருந்த தொகுதி பழமைவாதிகளிடம் போயிற்று என்பதை நான் அறிவேன். முறையின் குறைகள் தெரியாமல் எழுதவில்லை.

கிழக்கு லண்டன் வாசகி (9 ஜூலை 2024)

அக்கா, உங்கள் அச்சத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. என் பெற்றோரும் இதையே சொல்கிறார்கள். ஆனால் இந்த முறை நம்மைக் காக்கிறது என்பதை நான் மறுக்கிறேன், அதுவும் அறத்தின் பெயரால் அன்று, கணக்கின் பெயரால்.

ரிஃபார்ம் கட்சி ஐந்து தொகுதிகளில் வென்றது என்பதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். 98 தொகுதிகளில் அது இரண்டாமிடத்துக்கு வந்திருக்கிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் வென்றது தொழிற்கட்சி. இந்த முறை 15 விழுக்காடு வரை ஒரு கட்சியை ஏறத்தாழ இல்லாததாகக் காட்டும். 20இலும் கஞ்சத்தனமாகவே கொடுக்கும். 30ஐ நெருங்கியதும் அள்ளிக் கொடுக்கத் தொடங்கும். அணைக்கட்டு நீரை இல்லாமற் செய்வதில்லை, தேக்கி வைக்கிறது. இன்று 33.7 விழுக்காட்டை வைத்துத் தொழிற்கட்சி 411 ஆசனங்களைப் பெற முடிந்ததென்றால், நாளை வேறொரு கட்சி அதே விகிதத்தில், வேறு எவருடைய சம்மதமும் தேவையின்றி, எழுதப்பட்ட அரசியலமைப்பு இல்லாத இந்நாட்டின் எந்தச் சட்டத்தையும் மாற்றும் பெரும்பான்மையைப் பெற முடியும். விகிதாசார முறையில் 33 விழுக்காடு என்பது மூன்றில் ஒரு பங்குதான். மற்றவர்களின் இணக்கமின்றி ஆள முடியாது. சிறுபான்மையினர் எதை அஞ்ச வேண்டும்? எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்து பேசும் 93 பேரையா, மூன்றில் ஒரு பங்கு வாக்கோடு முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொள்ளும் வழியையா?

தொழிற்கட்சியின் 2022 மாநாடு விகிதாசார முறையை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. தலைமை அதை ஏற்கவில்லை. இப்போது பெற்றிருக்கும் பெரும்பான்மை அந்தத் தலைமையை மேலும் செவிடாக்கும் என்பதே என் கவலை.

கிளாஸ்கோ மாணவர் (10 ஜூலை 2024)

எல்லோரும் இதை ஏதோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வேண்டிய பொருள் போலப் பேசுவதால் எழுதுகிறேன். ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு 1999 முதல் கலப்பு முறையில்தான் வாக்களிக்கிறோம். 129 உறுப்பினர்களில் 73 பேர் தொகுதிகளிலிருந்தும், 56 பேர் கட்சிகளின் வாக்கு விகிதத்தைச் சமன் செய்யும் வட்டாரப் பட்டியல்களிலிருந்தும் வருகிறார்கள். உள்ளூர் சபைகளுக்கு 2007 முதல், பல உறுப்பினர் தொகுதியில் வேட்பாளர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்தும் தனி மாற்று வாக்கு முறை. வட அயர்லாந்துச் சட்டமன்றமும் அதே முறையில்தான் தேர்வாகிறது. வேல்ஸ் 2026இல் 96 உறுப்பினர்களை முழுக்க விகிதாசாரப் பட்டியல் வழியே தேர்ந்தெடுக்கச் சட்டம் இயற்றிவிட்டது. ஐக்கிய இராச்சியத்தின் நான்கு பகுதிகளில் மூன்றுக்கு இது பழகிய ஒன்று.

வெஸ்ட்மின்ஸ்டர் முறை எங்களை எப்படிக் காட்டுகிறது என்றும் பாருங்கள். 2015இல் பிரிவினை கோரும் ஸ்காட்லாந்து தேசியக் கட்சி ஸ்காட்லாந்தில் பாதி வாக்குகளைப் பெற்று 59இல் 56 ஆசனங்களை வென்றது. எஞ்சிய பாதிப் பேர் மூவராகச் சுருங்கினார்கள். இந்த வாரம் அதே கட்சிக்கு 30 விழுக்காடு வாக்கு, 57இல் 9 ஆசனங்கள். 35 விழுக்காடு பெற்ற தொழிற்கட்சிக்கு 37. ஸ்காட்லாந்து ஒருமித்துப் பிரிவினையைக் கேட்கிறது என்று அன்று எழுதிய பத்திரிகைகள், பிரிவினை செத்துவிட்டது என்று இன்று எழுதுகின்றன. மக்கள் மனம் அந்த அளவுக்கு மாறவில்லை. அதிக ஆதாயம் பெற்ற 2015இலும் தேசியக் கட்சியின் கொள்கை விகிதாசாரமாகவே இருந்தது என்பதை, அக்கட்சிக்கு வாக்களிக்காத நானும் மதிக்கிறேன்.

ஹாரோ பெரியவர் (12 ஜூலை 2024)

கிழக்கு லண்டன் மகள் எழுதியதை வாசித்தபின் எனக்கு 1977 நினைவுக்கு வந்தது. பிரித்தானியர் விட்டுச்சென்ற இதே தொகுதி முறையில் இலங்கையில் நடந்த கடைசிப் பொதுத்தேர்தல் அது. ஐக்கிய தேசியக் கட்சி 50.9 விழுக்காடு வாக்குகளோடு 168இல் 140 ஆசனங்களைப் பெற்றது. சுதந்திரக் கட்சி 29.7 விழுக்காடு பெற்றும் எட்டு ஆசனங்களோடு நின்றது. வடக்குக் கிழக்கில் வாக்குகள் குவிந்திருந்த தமிழர் விடுதலைக் கூட்டணி ஏழு விழுக்காட்டுக்கும் குறைவான வாக்குகளோடு 18 ஆசனங்களைப் பெற, அதன் தலைவர் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். எங்களுக்கு அது பெருமையாக இருந்தது. ஆனால் ஆறில் ஐந்து பங்கு பலத்தோடு அமர்ந்தவர்கள் மறு ஆண்டே நிறைவேற்று ஜனாதிபதி முறையோடு புதிய அரசியலமைப்பை இயற்றியபோது, அந்த எதிர்க்கட்சித் தலைவர் பதவியால் எதையும் தடுக்க முடியவில்லை. ஆகவே, மூன்றில் ஒரு பங்கு வாக்கோடு முழு அதிகாரம் என்னும் ஆபத்தை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் அதற்குப்பின் வந்ததையும் சொல்லவேண்டும். அதே அரசியலமைப்பு விகிதாசாரத்தையும் கொண்டுவந்தது. 1989இல் முதன்முறையாக அம்முறையில் பொதுத்தேர்தல் நடந்தது. மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதியானது. கட்சிப் பட்டியலில் யார் வெல்வது என்பதைத் தீர்மானிக்கும் விருப்பு வாக்குக்காக ஒரே கட்சி வேட்பாளர்கள் ஒருவரோடொருவர் மோதினார்கள், மாவட்டம் முழுவதும் சுவரொட்டி ஒட்டப் பணமுள்ளவர் முந்தினார், "எங்கள் ஊர் எம்.பி." என்று சொல்ல ஆளில்லாமற் போயிற்று. நான் கேட்பது ஒன்றே: நியாயமான விகிதமும் வேண்டும், போய்க் கதவைத் தட்ட ஒருவரும் வேண்டும். இரண்டையும் தரும் முறை உண்டென்றால் காட்டுங்கள்.

நார்ஃபோக் மருத்துவர் (4 டிசம்பர் 2024)

நீண்ட இடைவெளிக்குப் பிறகு இவ்விழையை மேலே கொண்டுவருகிறேன். நேற்று நாடாளுமன்றத்தில் லிபரல் டெமாக்ரட் உறுப்பினர் சாரா ஒல்னி, விகிதாசாரப் பிரதிநிதித்துவ மசோதாவை அறிமுகம் செய்ய அனுமதி கோரினார். 138க்கு 136 என்ற கணக்கில் அனுமதி கிடைத்தது. அரசு நேரம் ஒதுக்காதவரை இது சட்டமாகாது. தனி உறுப்பினர் பத்து நிமிடம் பேசி அனுமதி கோரும் பத்து நிமிட விதியின்கீழ் வரும் மசோதாக்களின் கதி பெரும்பாலும் அதுவே. லேபர் உறுப்பினர்கள் இரு பக்கமும் பிரிந்து வாக்களித்தார்கள். உங்கள் எம்.பி. எந்தப் பக்கம் நின்றார் என்பது நாடாளுமன்றப் பதிவேடான ஹன்சார்டில் இருக்கிறது. பலர் அன்று வரவே இல்லை; வராதவர்களுக்குத்தான் முதலில் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஹாரோ ஐயா ஜூலையில் கேட்ட கேள்விக்கு அயர்லாந்து ஒரு விடையாகலாம். அங்கும் கிளாஸ்கோ மாணவர் சொன்ன தனி மாற்று வாக்கு முறைதான். சென்ற வெள்ளிக்கிழமைதான் அங்கே தேர்தல் நடந்தது. 43 தொகுதிகள், ஒவ்வொன்றிலும் மூன்று முதல் ஐந்து உறுப்பினர்கள், மொத்தம் 174 பேர். 21.9 விழுக்காடு பெற்ற ஃபியன்னா ஃபாயில் கட்சிக்கு 48 இடங்கள். முழுத் துல்லியம் இல்லை. ஃபீன கேல் கட்சியைவிடக் குறைந்த முதல் விருப்ப வாக்குகள் பெற்ற ஷின் ஃபேன் ஓரிடம் அதிகம் பெற்றிருக்கிறது. ஆனால் 41 இலட்சம் வாக்குக்கு ஐந்து என்பது போன்ற விபரீதம் அங்கே நேராது. இம்முறையை ஒழிக்க 1959இலும் 1968இலும் ஆட்சியில் இருந்த கட்சியே பொதுவாக்கெடுப்பு நடத்தியது; இருமுறையும் மக்கள் மறுத்துவிட்டார்கள்.

ஹாரோ பெரியவர் (5 டிசம்பர் 2024)

நன்றி, மருத்துவரே. நவம்பர் 14இல் இலங்கையில் தேசிய மக்கள் சக்தி 61.6 விழுக்காட்டுக்கு 225இல் 159 ஆசனங்களைப் பெற்றதையும் பார்த்தேன். வென்றவருக்குக் கூடுதல் அங்கும் உண்டு. ஆனால் 1977இன் அளவில் இல்லை.

மூவர் முதல் ஐவர் வரை உறுப்பினர்கள் உள்ள தொகுதி என்றால், இலங்கை மாவட்டம் போல் பரந்ததாகாது என்பதை ஏற்கிறேன். எஞ்சியிருக்கும் ஐயம் நடைமுறை பற்றியது. ஐவரும் எனக்கு எம்.பி. என்றால், ஐவரும் மற்ற நால்வரைக் கைகாட்டிவிட்டு இருந்துவிட மாட்டார்களா? ஸ்காட்லாந்து மாணவர் இதற்கு அனுபவத்தோடு பதில் சொல்ல முடியுமா?

கிளாஸ்கோ மாணவர் (5 டிசம்பர் 2024)

ஐயா, உள்ளூர் சபையளவில் சொல்ல முடியும். எங்கள் வார்டுக்கு வெவ்வேறு கட்சிகளைச் சேர்ந்த நான்கு உறுப்பினர்கள். வாடகை வீட்டின் ஈரச்சுவர் தொடர்பாக அம்மா நால்வருக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்பினார். ஒருவர் பதிலே போடவில்லை. ஒருவர் பொதுவான பதில் போட்டார். அம்மா ஒருபோதும் வாக்களித்திராத கட்சியைச் சேர்ந்த உறுப்பினர் நேரில் வந்து பார்த்து, சபை அதிகாரிக்கு எழுதினார். வேலை முடிய இரண்டு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. அடுத்த தேர்தலில் அம்மா அவருக்கு 2 என்று போட்டார். 1 பழைய கட்சிக்கே. பதில் போடாதவருக்கு எந்த எண்ணும் இல்லை. ஒரே உறுப்பினர் இருந்து, அவரும் பதில் போடாதவராக இருந்திருந்தால் நாங்கள் அடுத்து யாரிடம் போயிருப்போம் என்று எனக்குத் தெரியவில்லை.